முகத்தில் எழுதியது யார் படிக்க?

1

ஜோவானா ஷூமாலியின் புகைப்படத் தொடருக்கு 'ஹாப்ரே' என்று பெயர். புர்கினா ஃபாசோவில் பேசப்படும் கோ மொழிச் சொல் அது. பொருள், 'எழுத்து'. தோலைக் கீறி உண்டாக்குகிற தழும்புக்கும் அந்த மொழியில் அதே சொல்தான். தழும்பு எழுத்து மாதிரி இருக்கிறது என்று யாரோ கவிஞர் உவமை சொல்லவில்லை. பேசுகிறவர்களுக்கே இரண்டும் ஒன்று.

நமக்கு இதைக் கேட்டதும் 'தலையெழுத்து' ஞாபகம் வரும். ஆனால் நம்முடையது யார் கண்ணுக்கும் தெரியாத எழுத்து. காரியம் கெட்ட பிறகுதான் 'எல்லாம் என் தலையெழுத்து' என்று படித்துக்கொள்வோம். ஹாப்ரே அப்படியில்லை. எதிரே வருகிறவன் பத்தடி தூரத்திலேயே படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. இவன் எந்த ஊர், எந்தக் குலம், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் கன்னத்திலும் நெற்றியிலும் இருக்கும்.

ஷூமாலி 1974-ல் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரத்தில் பிறந்தவர். மொராக்கோவின் காசாபிளாங்காவில் வரைகலை படித்தார். விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநராக வேலை பார்த்துவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். 2019-ல் பிரீ பிக்டே என்ற பெரிய பன்னாட்டுப் புகைப்படப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். அந்தப் பரிசு கிடைத்தது வேறொரு தொடருக்கு. கிராண்ட் பஸாம் கடற்கரையில் 2016 மார்ச்சில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, அந்த ஊரைப் படமெடுத்து, படங்களின் மேலேயே ஊசி நூலால் தையல் போட்ட தொடர் அது. ஹாப்ரே அதற்கு முந்தையது. 2013, 2014-ல் எடுத்தவை. 'கடைசித் தலைமுறை' என்பது துணைத்தலைப்பு.

படங்கள் ரொம்ப எளிமையானவை. ஸ்டுடியோ. வெறுமையான பின்னணி. முகமும் தோளும் தெரிகிற நெருக்கம். அன்றாட உடையில் வயதான ஆண்கள், பெண்கள். அபிஜானில் வாழ்கிறவர்கள், பெரும்பாலும் புர்கினா ஃபாசோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். படத்தோடு அவரவர் சொன்ன சில வரிகள் சேர்ந்து வருகின்றன. பெருமையாகச் சொல்கிறவர் உண்டு. வெட்கத்தோடு சொல்கிறவரும் உண்டு. ஒருவர் சொல்வதன் சாரம் இது: நாங்கள் வாழ்க்கையில் தொலைந்துபோகக் கூடாது என்றுதான் பெற்றவர்கள் இதைப் போட்டார்கள், இது இருந்தால் எங்கே போனாலும் தொலைய மாட்டாய்.

அப்படிச் சொன்னவர் உட்கார்ந்திருப்பது அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒரு நகரத்தில். இந்த முரண்தான் தொடர் முழுக்க ஓடுகிறது. தழும்பு அப்படியேதான் இருக்கிறது. சுற்றிலும் படிக்கிறவர்கள் மாறிவிட்டார்கள். அந்த மாற்றத்துக்கான விலையைக் கொடுப்பது தழும்பு உள்ளவர் மட்டும்.

2

முதலில் இது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்துவிடலாம். அழகு, பண்பாடு என்று பேசுகிற பல கட்டுரைகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

பச்சை குத்துவதில் மையைத் தோலுக்குள் இறக்குகிறோம். கருத்த தோலில் மை அவ்வளவாக எடுபடாது. கீறல் எடுபடும். மேற்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் கத்தியாலோ சவர பிளேடாலோ நேர்க்கோடுகளாகக் கீறுவார்கள். வேறு சில இடங்களில் முள்ளாலோ கொக்கியாலோ தோலைச் சின்னதாகத் தூக்கிப் பிடித்து, தூக்கிய முனையை மட்டும் சீவுவார்கள். ஆறியதும் அது மணி மாதிரிப் புடைத்து நிற்கும். வயிற்றிலும் முதுகிலும் வரிசை வரிசையாக மணி கோத்தது போலத் தெரியும். புண் சீக்கிரம் ஆறிவிடக் கூடாது என்பதற்காகச் சாம்பல், கரித்தூள், செடிப்பால் ஏதாவது தேய்ப்பதும் உண்டு.

அதாவது, இந்தக் கலையின் மூலப்பொருள் உடலின் ஆறும் திறன்தான். காயம் பட்ட இடத்தில் உடல் கொலாஜன் என்ற நார்ப்பொருளைக் கொண்டுவந்து அடைக்கிறது. காயத்தைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தால் தேவைக்கு மேல் அடைக்கிறது. அந்த உபரிதான் புடைப்பு. கீறுகிறவர் பாதி வேலையைச் செய்கிறார், மீதியை உடல் செய்கிறது. நல்ல கைக்காரர் எவ்வளவு ஆழம் போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். ஆனாலும் உடல் எந்த அளவில் நிறுத்தும் என்பது அவர் கையில் இல்லை. சிலருக்குத் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். கெலாய்டு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அரிக்கும், வலிக்கும், வெட்டி எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும். கருத்த தோல் உள்ளவர்களிடம் இது அதிகம். ஒரே கை, ஒரே கத்தி, ஒரே வடிவம். அக்காவுக்கு அழகான கோடு, தங்கைக்கு வாழ்நாள் முழுக்க அரிக்கிற கட்டி என்று ஆகலாம்.

இது ஏன் இவ்வளவு பரவலாக இருந்தது? வெறும் அழகுக்காக என்று சொன்னால் பாதிதான் சரி. சூடானின் தென்கிழக்கு நூபா மக்களிடம் இருந்த முறையை மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபாரிஸ் 1972-ல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். அங்கே ஒரு பெண்ணுக்கு மூன்று கட்டமாகத் தழும்பிடுவார்கள். பருவமடையும் அறிகுறி தெரிந்ததும் முதல் தடவை. மாதவிடாய் தொடங்கியதும் இரண்டாவது. முதல் குழந்தை பால்குடி மறந்த பிறகு மூன்றாவது. மூன்றாவதுதான் பெரியது, முதுகு, கை, கால் என்று உடல் முழுக்க. அந்த ஊர்க்காரர் யாரும் ஒரு பெண்ணைப் பார்த்ததுமே அவள் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். நாட்காட்டி மாதிரி. வலியைத் தாங்கினாள் என்பதும் அந்தச் செய்தியின் ஒரு பகுதிதான்.

தமிழ் வாசகருக்கு இது முழுக்கப் புதிதில்லை. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண் என்று ஒரே காயத்தை இடத்தை வைத்து வேறுவேறாகப் படித்த மரபு நம்முடையது. ஆனால் இதே தமிழில் 'வடு' என்ற சொல்லுக்குத் தழும்பு என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். நம் மொழி தழும்பைப் பார்க்கும்போதே ஒரு தீர்ப்பையும் சேர்த்து வைத்திருக்கிறது. கோ மொழியின் சொல்லில் அந்தத் தீர்ப்பு இல்லை. ஷூமாலியின் படங்களை நம்ம ஊர்க் கண்ணோடு பார்க்கும்போது இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

எழுத்து என்று ஆகிவிட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எதிரியும் படிக்கலாம். இதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது.

1789-ல் லண்டனில் ஒலாடா எக்வியானோவின் தன்வரலாறு வெளியானது. அடிமையாக விற்கப்பட்டு, பிறகு தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கியவர் அவர். புத்தகத்தின் தொடக்கத்தில் தன் இக்போ ஊரில் பெரிய மனிதர்களுக்கு இடப்படும் நெற்றித் தழும்பைப் பற்றி எழுதுகிறார். நெற்றியின் மேல்பகுதியில் குறுக்காகக் கீறி, தோலைப் புருவம் வரை இழுத்து, தேய்த்துத் தேய்த்துத் தடிப்பாக்குவது அது. அவருடைய அப்பாவுக்கு அது இருந்தது. அண்ணனுக்கு இட்டதை அவரே பார்த்திருக்கிறார். தனக்கும் இடப்பட இருந்தது என்கிறார். ஆனால் அதற்கு முன்பே, பதினோரு வயதில், கடத்தப்பட்டுவிட்டார்.

இக்போ மக்கள் 'இச்சி' என்று சொல்கிற முகத்தழும்பு மரபோடு இதை ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த மரபு எவ்வளவு பழையது என்பதற்கு இக்போ உக்வு என்ற ஊரில் தோண்டியெடுத்த வெண்கலச் சிற்பங்களே சான்று. சுமார் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கப்படும் அவற்றில் மனித முகங்கள் கோடுகளோடுதான் வார்க்கப்பட்டிருக்கின்றன.

எக்வியானோ உண்மையில் ஆப்பிரிக்காவில் பிறந்தவரா என்பதிலேயே விவாதம் உண்டு. அவருடைய வாழ்க்கையை எழுதிய வின்சென்ட் கரேட்டா, ஞானஸ்நானப் பதிவும் கப்பல் பதிவும் அவர் பிறந்த இடம் தென் கரோலினா என்று சொல்வதைச் சுட்டிக்காட்டினார். இதை மறுக்கிறவர்களும் உண்டு. ஆனால் இலக்கியமாகப் பார்த்தால் இரண்டு வகையிலும் அந்தப் பத்தியின் கனம் குறையவில்லை. எனக்கு வர வேண்டிய எழுத்து வராமல் போனது என்று சொல்லித்தான் அவர் தன் ஊரை நிறுவுகிறார். தழும்பில்லாத வழவழப்பான நெற்றிதான் அவருடைய இழப்புக்கு ஆதாரம். அதே ஆள், கடத்திச் செல்லப்படும் வழியில் வேறொரு இனத்தார் தங்களைப் போலவே இவருக்கும் தழும்பிட்டு அலங்கரிக்க வந்தபோது மாட்டேன் என்று மறுத்ததையும் எழுதுகிறார். தன் வீட்டு எழுத்து வேண்டும், அடுத்தவன் எழுத்து வேண்டாம். சரிதானே?

தழும்பு உள்ளவர்களுக்கு என்ன ஆனது? பதினெட்டாம் நூற்றாண்டில் ஜமைக்காவிலும் தென் கரோலினாவிலும் வந்த செய்தித்தாள்களில், தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய விளம்பரங்கள் வழக்கமான பகுதி. அவற்றில் 'நாட்டுக் குறிகள்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஓடிப்போனவருடைய கன்னத்தில், நெற்றியில் என்ன தழும்பு இருக்கிறது என்ற விவரம். பிடித்துக் கொடுத்தால் பணம். தொலைந்துபோகக் கூடாது என்று பெற்றவர்கள் போட்ட அதே கோடு, தப்பித்துத் தொலைந்துபோக நினைத்தபோது காட்டிக்கொடுத்தது. எழுதியவர் நினைத்த அர்த்தத்தை மட்டும்தான் எழுத்து சுமக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இலக்கிய வாசகர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனால் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், முகத்தை என்ன செய்வது?

அபிஜானுக்குத் திரும்புவோம். 1990-களில் ஐவரி கோஸ்டில் 'ஐவரித்தே' என்றொரு சொல் அரசியலுக்குள் வந்தது. யார் அசல் நாட்டுக்காரன், யார் வந்தேறி என்று பிரிக்கிற சொல். வடக்கத்தியர்களும் புர்கினா ஃபாசோவிலிருந்து வந்து தோட்டங்களில் உழைத்தவர்களும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். 2002-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் ரத்தம். ஷூமாலி படமெடுக்கத் தொடங்கியது இதெல்லாம் அடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்த ஒரு நகரத்தில். நான் எங்கிருந்து வந்தவன் என்று முகத்திலேயே எழுதி வைத்திருப்பவர், அங்கே பஸ்ஸில் ஏறும்போது என்ன நினைத்திருப்பார்? படங்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் அந்த வருடத்தையும் அந்த ஊரையும் தெரிந்துகொண்டு பார்த்தால், அவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிற பார்வைக்கு வேறொரு எடை வந்துவிடுகிறது.

4

'கடைசி' என்ற சொல்லிடம் வருவோம். இந்தத் தொடரில் எனக்கு உறுத்துவது அந்தச் சொல்தான். அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது.

ஹிட்லருக்காக 'உறுதியின் வெற்றி' என்ற பிரசாரப் படத்தை எடுத்த லெனி ரீஃபென்ஷ்டால், போருக்குப் பிறகு சினிமாவில் ஒதுக்கப்பட்டார். 1960-களில் சூடானுக்குப் போய் நூபா மக்களைப் படமெடுத்தார். 1970-களில் அவை பெரிய, பளபளப்பான புத்தகங்களாக வந்தன. ஆங்கிலத்தில் முதல் புத்தகத்தின் பெயர் 'நூபாக்களில் கடைசியானவர்கள்'. 1976-ல் வந்த அடுத்த புத்தகம் காவ் ஊர் நூபாக்களைப் பற்றியது. மேலே சொன்ன மூன்று கட்டத் தழும்புகள் இந்த மக்களுடையவை. படங்கள் அழகானவை. அதை மறுக்க முடியாது. திரண்ட தோள், எண்ணெய் பூசிய முதுகு, வெயிலில் நிழல் விழுகிற தழும்பு வரிசைகள்.

சூசன் சொன்டாக் 1975-ல் எழுதிய கட்டுரையில் முதல் புத்தகத்தைக் கடுமையாக விமர்சித்தார். குறையற்ற உடலையும் வலிமையையும் வழிபடுகிற அதே பாசிச அழகியல்தான் இங்கேயும் தொடர்கிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தில் இன்னொரு இழையும் இருக்கிறது, தழும்பைப் பற்றிப் பேசும்போது அது முக்கியம். நூபாக்களை அழியப்போகிற இனமாகக் காட்டுவதுதான் அந்த அழகை முழுமையாக்குகிறது. அழிந்துபோகிறவர்களிடம் நாம் பேச வேண்டியதில்லை. ரசித்தால் போதும்.

நூபாக்கள் அழியவில்லை. போர், பஞ்சம், குண்டுவீச்சு எல்லாவற்றையும் பார்த்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். 'கடைசி' என்று அட்டையில் அச்சடித்தது அவர்களைப் பற்றிய தகவலாக இருக்கவில்லை. வாங்குகிறவர்களுக்கான விளம்பரமாக இருந்தது.

இன்று நம் போனில் 'அழிந்துவரும் பழங்குடி முகங்கள்' என்ற மாதிரி வருகிற ரீல்ஸ் எல்லாம் அந்த வம்சம்தான். சோகமான புல்லாங்குழல் ஒன்று பின்னால் ஓடும். ஒரு பாட்டியின் முகத்தை ஜூம் பண்ணுவார்கள். நாமும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டால் தெரியாது. அவர் பேசவே இல்லை.

5

ஷூமாலியை இந்த வம்சத்தில் சேர்க்க முடியுமா? முடியாது. காரணங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் காரணம் உடை. ரீஃபென்ஷ்டாலின் நூபாக்கள் நிர்வாணமாக, காலத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ஷூமாலியின் ஆட்கள் சட்டை போட்டிருக்கிறார்கள், தலையில் துணி கட்டியிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகிற, சாயங்காலம் சந்தையில் பேரம் பேசுகிற ஆட்கள். நம் காலத்தில் வாழ்கிறவர்கள். சட்டைக் காலருக்கு மேலே அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது, 'பழமை' என்று ஒதுக்கி வைக்க முடியவில்லை.

இரண்டாவது, பேச்சு. ஒவ்வொருவரும் தன் தழும்பைத் தானே விளக்குகிறார். விளக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும் இல்லை. ஒருவருக்கு அழகு, இன்னொருவருக்கு அவமானம், மூன்றாமவருக்கு ஊர் வழக்கம், அவ்வளவுதான். தழும்பு என்றால் இதுதான் அர்த்தம் என்று சொல்கிற மானுடவியல் குறிப்பு கூட வரவில்லை. ஒரு சமூகத்தின் சின்னம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறதை, அதைச் சுமக்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, வெறும் பின்னணி. இது நல்லதும்தான், பிரச்சினையும்தான். மண் குடிசை, காடு, அஸ்தமனம் எதுவும் இல்லாததால் அயல்நாட்டுக் கவர்ச்சி குறைகிறது. பாஸ்போர்ட் படத்தின் நேர்மை வருகிறது. ஆனால் பாஸ்போர்ட் படத்தின் குணமும் கூடவே வந்துவிடுகிறது. காலனி ஆட்சிக் காலத்தில் 'இன வகை' என்று பட்டியல் போடுவதற்காக ஆட்களை வெறும் சுவரின் முன் நிறுத்தி எடுத்த படங்கள் எத்தனை! பின்னணியை எடுத்துவிட்டால் முகத்தில் நம் கண் போவதற்குத் தழும்பைத் தவிர வேறு இடம் இல்லை. அபிஜான் காணாமல் போகிறது. இவரைக் கிண்டல் செய்த நகரம், முகத்தைப் பார்த்ததும் கூலியைக் குறைத்துப் பேசியிருக்கக்கூடிய முதலாளி, தெருவில் வெறித்துப் பார்க்கிற பையன், யாரும் படத்துக்குள் இல்லை. பிரச்சினை படிக்கிறவர்களிடம் என்றால் படிக்கிறவர்களையும் காட்டியிருக்க வேண்டும் இல்லையா?

இதற்கு ஷூமாலி தரப்பில் ஒரு பதில் சொல்லலாம். படிக்கிறவர்கள் படத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். அதாவது நாம். பேச்சு இல்லாமல் வெறும் முகங்களை மட்டும் தொங்கவிட்டிருந்தால் இந்தப் பதில் சமாளிப்பாக இருந்திருக்கும். வரிகள் இருப்பதால் பாதி ஏற்றுக்கொள்கிறேன். முகத்தைப் பார்த்து நாம் ஏதோ நினைக்கிறோம். பிறகு வரியைப் படிக்கிறோம், நினைத்தது தப்பாகிறது. பயங்கரம் என்று நினைத்தால் அவர் பெருமைப்படுகிறார். கம்பீரம் என்று நினைத்தால் அவர் வெட்கப்படுகிறார். இந்தத் தடுக்கல்தான் தொடரின் உண்மையான சாதனை.

6

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. படங்கள் ஆறிய தோலைக் காட்டுகின்றன. கீறலைக் காட்டவில்லை. கீறப்பட்டபோது இவர்களில் பலர் குழந்தைகள். வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிற வயதே இல்லை.

உடல்நலக் கணக்கை மறைக்காமல் பார்க்க வேண்டும். கீறுகிறவர் ஒரே நாளில் பல குழந்தைகளுக்கு ஒரே பிளேடைப் பயன்படுத்தினால் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போகும். மஞ்சள் காமாலையை உண்டாக்குகிற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி இரண்டுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தையின் புண்ணில் மண்ணோ சாம்பலோ பட்டால் ரணஜன்னி வரலாம். அது கொல்லும். உயிர் பிழைத்து, தழும்போடு வளர்ந்து, ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தவர்களைத்தான் நாம் பார்க்கிறோம். புண் ஆறாமல் போன குழந்தைக்கு உருவப்படம் கிடையாது. இது ஷூமாலியின் தவறு இல்லை. உருவப்படம் என்ற வடிவத்தின் எல்லை. ஆனால் அந்த எல்லையைப் பார்க்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் கீறியவர்களைக் கொடுமைக்காரர்களாக நினைத்துக்கொண்டால் அதுவும் தப்பு. பெரும்பாலும் அவர்கள் குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார்கள். யொருபா மக்களிடம் 'பெரெ' என்று ஒன்று உண்டு. சின்னச் சின்னதாகக் கீறி, அதில் கருகிய மருந்துத்தூளைத் தேய்ப்பது. நோய்க்கும் அது, பாதுகாப்புக்கும் அது. வோலே சோயிங்கா தன் குழந்தைப்பருவ நினைவுகளான 'அகே' நூலில், இசாரா ஊரிலிருந்த தாத்தா தன் கணுக்காலில் இப்படிக் கீறச் செய்ததை எழுதியிருக்கிறார். சோயிங்காவின் அப்பா கிறித்தவர், பள்ளித் தலைமையாசிரியர். வெளியுலகத்துக்குப் போகிற பேரனுக்குத் தாத்தா தனக்குத் தெரிந்த கவசத்தைப் போட்டு அனுப்பினார்.

இன்னும் இருட்டான ஒரு வகையும் இருக்கிறது. பிறந்து பிறந்து சாகிற குழந்தையை யொருபாக்கள் 'அபிக்கு' என்றும் இக்போக்கள் 'ஓபான்ஜே' என்றும் சொல்வார்கள். ஒரே குழந்தைதான் திரும்பத் திரும்ப வந்து தாயை வதைக்கிறது என்பது நம்பிக்கை. அதை அடையாளம் காணவும், திரும்பி வர விடாமல் தடுக்கவும் உடலில் கீறுவார்கள், சில சமயம் இறந்த பிறகும். சினுவா அச்செபே 1958-ல் எழுதிய, 'சிதைவுகள்' என்று தமிழிலும் வந்திருக்கிற நாவலில், எக்வேஃபி பெற்ற 10 பிள்ளைகளில் 9 பேர் சிறுவயதிலேயே இறக்கிறார்கள். ஒரு குழந்தையின் உடலை மருத்துவன் சவரக்கத்தியால் சிதைத்து, இழுத்துக்கொண்டு போய்த் தீய காட்டில் புதைக்கிறான். சோயிங்காவும் ஜே. பி. கிளார்க்கும் 'அபிக்கு' என்ற ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கவிதை எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் குழந்தை பேசுகிறது. மற்றதில் குழந்தையிடம் இங்கேயே இருந்துவிடு என்று கெஞ்சுகிறார்கள்.

இப்படிப்பட்ட சாவுகளில் பலவற்றுக்குக் காரணம் அரிவாள் வடிவ ரத்த அணு நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவர்களும் உளவியலாளர்களும் எழுதினார்கள். அப்பா, அம்மா இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே வீட்டில் குழந்தைகள் திரும்பத் திரும்பச் சாவதற்கு அந்தக் கணக்கு போதும். ரத்தப் பரிசோதனை இல்லாத உலகத்தில், தொடர்ந்து பறிகொடுத்த ஒரு தாய் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணத்தைத் தேடினாள். கண்டுபிடித்த காரணத்தைக் குழந்தையின் தோலில் எழுதினார்கள். நோய்க்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஏற்கனவே பலவீனமான குழந்தைக்கு இன்னொரு புண்ணைச் சேர்த்தது. அன்பும் தீங்கும் ஒரே கத்தியில் இருந்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் பண்பாட்டுக் காவலர்களாக இருந்தாலும் சரி, சீர்திருத்தக்காரர்களாக இருந்தாலும் சரி, பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள்.

நைஜீரியா 2003-ல் கொண்டுவந்த குழந்தை உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தைக்குப் பச்சை குத்துவதையும் தோலில் குறியிடுவதையும் குற்றம் என்கிறது. 5,000 நைரா வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை சின்னதுதான். சட்டம் சொல்கிற கொள்கை பெரியது. தோல் குழந்தையுடையது, குலத்துடையது இல்லை. நான் இந்தப் பக்கம்தான் நிற்கிறேன். வளர்ந்த ஒருவர், சுத்தமான கத்தியோடு, தெரிந்தே தன் உடலில் என்ன எழுதிக்கொண்டாலும் அது அவர் விருப்பம். குழந்தைக்கு அந்த விருப்பத்தைப் பெரியவர்கள் எடுத்துவிடக் கூடாது.

7

இங்கேதான் 'கடைசித் தலைமுறை' என்ற துணைத்தலைப்பு எனக்கு இரண்டாகப் பிரிகிறது. இனி எந்தக் குழந்தையையும் கீற வேண்டாம் என்ற அர்த்தத்தில் கடைசி என்றால், சந்தோஷம். ஆனால் ரீஃபென்ஷ்டாலின் அட்டையில் இருந்த 'கடைசி' அதுவல்ல. அது எதிரே இருக்கும் ஆளை உயிரோடு இருக்கும்போதே அருங்காட்சியகத்தில் வைக்கிற சொல். ஷூமாலி தன் குறிப்பில் இவர்களை முடிந்துபோன ஒரு ஆப்பிரிக்காவின் கடைசிச் சாட்சிகள் என்று சொல்லும்போது, அந்தப் பழைய சொல்லின் வாடை கொஞ்சம் வந்துவிடுகிறது. அவருடைய படங்கள் அந்தக் குறிப்பைவிடப் புத்திசாலித்தனமானவை. படத்தில் இருப்பவர்கள் முடிந்துபோன எதற்கும் சாட்சி சொல்லவில்லை. நேற்றுத் தெருவில் கேட்ட கிண்டலைப் பற்றியும் இன்று கண்ணாடியில் பார்க்கிற முகத்தைப் பற்றியும் பேசுகிறார்கள்.

ஒரு வழக்கம் நிற்க வேண்டும் என்று நினைப்பதும், அந்த வழக்கத்தைச் சுமக்கிறவரை அவமானப்படுத்துவதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள். நகரம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. பெற்றவர்கள் செய்ததற்கு முகத்தை வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்கிறது. அபிஜான் மட்டுமில்லை, எந்த நகரமும் அப்படித்தான். அந்த அவமானத்துக்கு எதிராக ஹாப்ரே உறுதியாக நிற்கிறது. அதனால்தான் இது முக்கியமான தொடர்.

என் குறை ஒன்றே ஒன்று. இத்தனை முகங்களுக்கு நடுவில், கீறியவரின் முகம் இல்லை. அந்த வேலையைத் தொழிலாகச் செய்தவர், எத்தனை ஆழம் என்று கையாலேயே தெரிந்தவர், ஒருவேளை தன் முகத்திலும் கோடுகள் உள்ள ஒரு கிழவர் அல்லது கிழவி. எழுதப்பட்டவர்கள் எல்லாரும் பேசிவிட்டார்கள். எழுதியவர் என்ன நினைத்து எழுதினார், எந்தக் குழந்தையின் அழுகை அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, இப்போது கத்தியை என்ன செய்தார் என்று அவரையும் அதே வெறும் பின்னணிக்கு முன்னால் உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.